பின்னேரப் பூசைக்கு ஒரு வெள்ளைப் பூ

1

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு செடியில் இருந்து வந்தது.

எங்கள் வீட்டுப் படலைக் கதவுக்கு உட்பக்கமாக, ஆள் உயரத்தில் ஒரு செவ்வரத்தை நிற்கிறது. சாதாரணச் செவ்வரத்தை இல்லை. விடிய விரியும்போது பூ நல்ல வெள்ளை. பத்து மணிக்கு ஓரத்தில் ரோசா நிறம் ஏறும். மத்தியானம் முழுப் பூவும் ரோசாவாகிவிடும். பின்னேரம் நாலரைக்குப் பார்த்தால் இரத்தச் சிவப்பு. அடுத்த நாள் சுருண்டு விழுந்துவிடும். மரத்தில் நின்றாலும் பிடுங்கி வைத்தாலும் இதே கதைதான். வவுனியாவில் பூங்கன்று விற்றவர் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். பஸ் நெடுங்கேணிக்கு வந்து சேருமுன் அதை மறந்துவிட்டோம். இப்போது அது வெறும் 'நிறம் மாறுற செவ்வரத்தை'.

இன்று பௌர்ணமி, போயா விடுமுறை. நான் படிப்பிக்கிற முன்பள்ளி பூட்டு. காலை ஆறு மணிக்கு அந்தச் செடியில் ஒரு பூவைப் பிடுங்கி, கிளாசில் தண்ணீர் விட்டு மேசையில் வைத்துவிட்டு எழுதத் தொடங்குகிறேன். பூ சிவக்குமுன் கதையை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கெடு வைத்திருக்கிறேன். ஏன் அந்தக் கெடு என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

கதையில் வருகிறவர்கள் எல்லாம் கற்பனை. [இந்த வரியைப் பிறகு அடிக்க வேண்டி வரலாம்.]

2

[தொடக்கம் ஒன்று: ஜெகதீஸ்வரிக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்றைக் காப்பாற்ற மற்றதை அறுக்க வேண்டும்.]

சினிமா விளம்பரம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

[தொடக்கம் இரண்டு: இரண்டாயிரத்து ஒன்பது மாசியில், சண்டைக்குத் தப்பி உடையார்கட்டில் இருந்து சனம் நடந்த நடையில், பன்னிரண்டு வயதுச் சுதாஜினி காய்ச்சலில் கிடந்த ஆறு வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு போனாள். இறக்கி நடக்க விடு என்று வழியில் எத்தனையோ பேர் சொன்னார்கள். அவள்]

அதற்கு மேல் எழுத வரவில்லை. இப்படித் தொடங்கினால் அவள் முதல் பக்கத்திலேயே நல்ல பிள்ளையாகிவிடுவாள். ஒருக்கால் சுமந்தவள் இன்னொருக்கால் சுமக்க மாட்டாளா என்று வாசிக்கிற நீங்கள் எல்லோரும் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். அந்த எதிர்பார்ப்பு அவளுக்கு வேண்டாம்.

[தொடக்கம் மூன்று: வவுனியா ஆஸ்பத்திரி வாங்கில் ஜெகதீஸ்வரி குந்தியிருந்தாள்.]

இது பரவாயில்லை. இதில் ஒரு ஆளும் ஒரு வாங்கும் மட்டும்தான் இருக்கிறது. இதிலிருந்தே போவோம்.

3

வவுனியா ஆஸ்பத்திரி வாங்கில் ஜெகதீஸ்வரி குந்தியிருந்தாள். உள்ளே அவளுடைய மகன் நிருஷனுக்கு இரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பெடியன். போன வருஷம்வரை உழவு மெசின் ஓட்டினவன். இரண்டு கிட்னியும் போய்விட்டது. எதனால் என்று ஒருவருக்கும் தெரியாது. சிலர் கிணற்றுத் தண்ணீர் என்றார்கள், சிலர் வயலுக்கு அடிக்கிற மருந்து என்றார்கள். அதே கிணற்றில் குடித்து அதே வயலில் நின்ற தனக்கு ஏன் வரவில்லை என்று ஜெகதீஸ்வரி எட்டு மாதமாக யோசிக்கிறாள். தனக்கு வந்திருக்கக் கூடாதா என்றும் யோசிக்கிறாள்.

டொக்டர் அம்மா அவளையும் அவளுடைய மனுசன் அப்புத்துரையையும் மகள் சுதாஜினியையும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

"அம்மாவுக்குச் சீனி வருத்தம். அப்பாவுக்குப் பிரஷர். ரெண்டு பேரின்ரையும் எடுக்கேலாது. மகளின்ரை நல்லாப் பொருந்துது. ஆனா அவா முழு மனதோடை சொல்லவேணும். ஆரும் வற்புறுத்தக் கூடாது. திங்கக்கிழமை வந்து முடிவைச் சொல்லுங்கோ."

"நான் குடுக்கிறன் டொக்டர்," என்றாள் சுதாஜினி.

டொக்டர் வாய் மூடுமுன் வந்த பதில். அப்புத்துரை கண்ணைத் துடைத்தார். ஜெகதீஸ்வரி மட்டும் மகளைத் திரும்பிப் பார்த்தாள். தன் பிள்ளை எப்போது எப்படிக் கதைக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஊசி போடப் பயந்த காலத்திலும் சுதாஜினி இப்படித்தான் வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்பாள். பயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிற அவசரம் அது.

"அவசரமில்லை, திங்கக்கிழமை சொன்னாக் காணும் பிள்ளை," என்றார் டொக்டர். அவருக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் ஜெகதீஸ்வரி கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஓம் என்றால் பெட்டையை அறுக்கக் கொடுத்த தாய். இல்லை என்றால் பெடியனைச் சாகவிட்ட தாய். இரண்டில் எந்தத் தாயாக மிச்சக் காலத்தை ஓட்டுவது? பூநகரியில் இருந்து மகளுக்கு வந்திருந்த சம்பந்தத்தையும் நினைத்தாள். அஜந்தன் என்கிற அந்தப் பெடியன் கிட்னி விஷயத்தைக் கேட்டுவிட்டு 'யோசிச்சுச் சொல்லுறன்' என்று சொல்லி ஒன்பது நாளாகிறது.

* இந்த இடத்தில் ஒரு குறிப்பு. ஜெகதீஸ்வரியை 'அவள்' என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை கூசுகிறது. காரணம் பிறகு வரும்.

4

மணி பத்தே கால். பூவின் ஓரத்தில் ரோசா ஏறிவிட்டது. இரண்டு பக்கம்தான் எழுதியிருக்கிறேன்.

5

புதன்கிழமை காலை ஜெகதீஸ்வரி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். சுதாஜினி முன்பள்ளிக்குப் போக வெளிக்கிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் தேடி உள்ளே வந்தாள்.

"வெள்ளிக்கிழமை கோயிலிலை பூக்கட்டிப் பாப்பம் பிள்ளை."

பூக்கட்டிப் பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மனிதரால் முடிவெடுக்க முடியாத காரியத்தைச் சாமியிடம் விடுவது. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் வைத்து, வெளியில் வித்தியாசம் தெரியாமல் ஒரே அளவாகக் கட்டி, சாமியின் காலடியில் வைப்பார்கள். கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். கலியாணத்துக்குப் பார்ப்பார்கள், காணி வாங்கப் பார்ப்பார்கள், வெளிநாடு போகப் பார்ப்பார்கள். கிட்னிக்குப் பார்த்ததை நான் கேள்விப்பட்டதில்லை.

"நான்தான் ஓமெண்டு சொல்லிப்போட்டனே அம்மா."

"நீ சொன்னனி. சாமி சொல்லேல்லைத்தானே."

"ஆர் கட்டுறது? ஐயரோ?"

"ஐயருக்கு எங்கை நேரம். நீயே விடியத் தோஞ்சிட்டுப் பூப் பிடுங்கிக் கட்டி வை. நான் எடுக்கிறன்."

"காலமைப் பூசைக்கோ?"

"பின்னேரப் பூசைக்கு."

"அப்ப பின்னேரமே பிடுங்கினா என்ன?"

"சாமிக்குப் பின்னேரம் பூப் பிடுங்கிறதோ? விடியத்தான் பிடுங்கவேணும்."

இவ்வளவும் சொல்லும்போது ஜெகதீஸ்வரி ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை. தேங்காய்ப் பூ முடிந்து சிரட்டை தெரிந்தபிறகும் திருவிக்கொண்டே இருந்தாள்.

அந்த வளவில் சிவப்புப் பூவுக்குப் பஞ்சமில்லை. வேலி முழுக்கச் சாதாரணச் செவ்வரத்தை. வெள்ளைப் பூ இரண்டு இடத்தில் இருக்கிறது. கிணற்றடியில் ஒரு நந்தியாவட்டை. அது விரிந்த நிறத்திலேயே வாடும். படலையடியில் நிறம் மாறுற செவ்வரத்தை. அது விடிய வெள்ளை, பூசை நேரத்துக்குச் சிவப்பு. மல்லிகை இல்லையா என்று கேட்பீர்கள். ஆவணியில் யானை வந்து வாழையை முறித்தபோது மல்லிகைப் பந்தலையும் சேர்த்து இழுத்து விழுத்திவிட்டது. கதைக்கு வசதியாக நான் விழுத்தவில்லை. யானைதான் விழுத்தியது.

6

மணி ஒன்று. பூ முழுக்க ரோசா. ஒருவரும் சாப்பிடக் கூப்பிடவில்லை, எனக்கும் பசிக்கவில்லை. முடிவை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு (அ): சுதாஜினி நந்தியாவட்டையில் ஒரு பிடி வெள்ளைப் பூவும் வேலியில் ஒரு சிவப்பும் பிடுங்கி, நேர்மையாகக் கட்டி வைக்கிறாள். தாய் எடுக்கிறாள். பாதிக்குப் பாதி. சாமி சொன்னதுதான் முடிவு. இதில் ஒருவருக்கும் பழியில்லை. வாசகருக்கு ஒரு சுவாரசியமும் இல்லை.

முடிவு (ஆ): சுதாஜினி படலையடிச் செடியில் வெள்ளைப் பூ பிடுங்குகிறாள். கட்டும்போது ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. ஒருவருக்கும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு. தாய் எதை எடுத்தாலும் 'வேண்டாம்'. சுதாஜினி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். நிருஷன்

முடிவு (இ): சுதாஜினி இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டுகிறாள். தாய் எதை எடுத்தாலும் 'செய்யலாம்'. திங்கட்கிழமை டொக்டரிடம் போகிறார்கள். கத்தி, மயக்க மருந்து, ஒரு பக்கம் தழும்பு, பூநகரிக்காரர் கதை அத்தோடு சரி. தம்பி உழவு மெசினில் ஏறுகிறான்.

[மழை மூட்டமென்றால் அந்தப் பூ சிவக்கப் பிந்தும். ஐந்து மணிக்கும் ரோசாவாகவே நின்றால்? ரோசாவுக்கு என்ன அர்த்தம்? ஐயரைக் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்.]

(ஆ)வில் 'நிருஷன்' என்ற சொல்லோடு வாக்கியம் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று தரம் முயன்றேன். பேனை நகரவில்லை.

7

ஒரு சந்தேகத்தை நீங்கள் கேட்குமுன் நானே கேட்டுவிடுகிறேன். ஜெகதீஸ்வரியின் மனதுக்குள் இவ்வளவு சுலபமாகப் போய்வருகிற நான், சுதாஜினியின் மனதுக்குள் ஏன் ஒரு தடவையும் போகவில்லை? அவள் சொன்னதை எழுதினேன், செய்யக்கூடியதை எழுதினேன். நினைத்ததை எழுதவில்லை.

பயம்தான்.

சுதாஜினி என்று ஒருத்தி இல்லை. அது நான். நிருஷன் என்று நான் பெயர் வைத்தவன் என் தம்பி. ஜெகதீஸ்வரி அம்மா. அம்மாவை ஆரோ ஒரு பொம்பிளை மாதிரி 'அவள்' என்று எழுதப் பழகக் காலை முழுக்க எடுத்தது. வெள்ளிக்கிழமை என்பது நாளைக்கு. நாளைக்கு விடிய நான்தான் பூப் பிடுங்க வேண்டும். எந்தச் செடியில் என்று கதை எழுதிக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். பூ சிவக்குமுன் என்று கெடு வைத்தது அதற்குத்தான்.

இனி நினைத்ததையும் எழுதலாம். எனக்குக் கொடுக்க விருப்பமில்லை. இதைக் காகிதத்தில் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. என் தம்பியில் எனக்கு உயிர். அவனுக்காக அழுகிறேன், நேர்த்தி வைக்கிறேன், பஸ்ஸில் அவன் தலையை என் தோளில் வைத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் என்னை ஒரு மேசையில் கிடத்தி மயக்கி வெட்டுவார்கள் என்று நினைத்தால் எழும்பி ஓடிவிடலாம் போலிருக்கிறது. அஜந்தன் ஒரு சாட்டு. அவன் நாளைக்கே வந்து கட்டினாலும் இந்தப் பயம் போகாது. உடையார்கட்டில் இருந்து தம்பியைச் சுமந்தபோதும் ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், இறக்கி வைத்துவிட்டு ஓடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது தொடக்கம் நின்றுபோன இடம் அதுதான்.

இன்னொன்று. நேற்று அம்மா குசினியில் சொன்னதை எழுதும்போதுதான் எனக்கு விளங்கியது. படலையடிச் செடிக்கு நாள் தவறாமல் தண்ணீர் விடுகிறவர் அம்மா. பின்னேரம் அந்தப் பூ சிவந்தவுடன் 'பொழுது போச்சு' என்று சொல்லி விளக்குக் கொளுத்தப் போகிறவர் அம்மா. எங்கள் வீட்டில் அவருக்குத்தான் அது மணிக்கூடு. பூவை விடியப் பிடுங்கு, நீயே கட்டு, பூசை பின்னேரம் என்று அவர் தெரியாமலா சொன்னார்? உனக்கு ஏலாதென்றால் வாயால் சொல்லத் தேவையில்லை பிள்ளை, அந்தச் செடியிடம் போ என்று சொல்லியிருக்கிறார். அதுதான் திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் சிரட்டையைத் திருவினார்.

இது விளங்கியவுடன் எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபமும் வந்தது. கொடு என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். கொடாதே என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகக் குற்றத்தை அம்மாவில் போட்டிருப்பேன். இரண்டையும் சொல்லாமல் என்னை நடுவில் விட்டுவிட்டார்.

8

மணி நாலே முக்கால். பூ சிவந்துவிட்டது. கெடு தவறிவிட்டது.

தலை கனத்தது. முகம் கழுவ வெளியில் போனேன். அப்பா வயலில். அம்மா கடைக்குப் போயிருந்தார். விறாந்தையில் தம்பி கதிரையில் இருந்தான். வீங்கின காலை இன்னொரு கதிரையில் நீட்டியிருந்தான். மடியில் சுளகு. சுளகு நிறைய நந்தியாவட்டை. கையில் ஊசியும் நூலும்.

"என்னடா செய்யிறாய்?"

"சாமிப் படத்துக்கு மாலை."

"நீ எப்பவடா மாலை கட்டினனி?"

"இண்டைக்குத்தான். வடிவாயில்லையோ?"

வடிவாக இல்லை. ஒரு இடத்தில் நெருக்கமாகவும் ஒரு இடத்தில் நூல் தெரியவும் கோத்திருந்தான். சுளகைப் பார்த்தேன். விரிந்த பூக்களோடு மொட்டுகளும் கிடந்தன. நாளைக்கு விரிய வேண்டிய மொட்டு, நாளையண்டைக்கு விரிய வேண்டிய பச்சை மொட்டு, எல்லாம். கிணற்றடியை எட்டிப் பார்த்தேன். நந்தியாவட்டையில் இலையைத் தவிர ஒன்றுமில்லை. இருபது அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவன். எத்தனை தரம் இருந்து இருந்து பிடுங்கினானோ.

"நாளைக்குக் கோயிலுக்கு வெள்ளைப் பூ வேணுமெண்டு தெரியாதே உனக்கு?"

"படலையடியிலை விரியும்தானே."

"தம்பி, அது பின்னேரம்..."

"தெரியும்."

அவன் நிமிரவில்லை. ஊசியை அடுத்த மொட்டில் குத்தினான்.

"உனக்கு என்ன விசரோடா? நீ..." சாகப் போறியோ என்று கேட்க வந்தது. கேட்கவில்லை.

"அக்கா, நீ என்னை ஒருக்காத் தூக்கினது காணும்."

அவனுக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சலில் ஒன்றும் தெரியாமல் கிடந்தான் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"நீ ஒரு இடத்திலை நிண்டனி," என்றான். "நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். பிறகும் தூக்கிக்கொண்டு நடந்தனி. அது எனக்குக் காணும். ஒரு ஐஸ் துண்டு தாறியோ? தொண்டை காயுது."

ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீருக்கு மேல் அவன் குடிக்கக் கூடாது. அதனால் தாகத்துக்கு ஐஸ் துண்டு கொடுப்போம். கொண்டுவந்து கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு மாலையைக் கோத்தான். நான் கீழே இருந்து நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தார். சுளகைப் பார்த்தார், கிணற்றடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாமான் பையோடு குசினிக்குள் போய்விட்டார்.

9

ஒரு பூ எங்களுக்காக முடிவெடுக்கும் என்று இருந்தோம். அம்மா பூசை நேரத்தைப் பார்த்து வைத்தார், தம்பி மொட்டுகளைப் பிடுங்கினான். சாமிக்கு இதில் இனி ஒரு வேலையும் இல்லை. பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அவன் மொட்டுகளைப் பிடுங்கியதை என்னால் பொறுக்கவும் முடியவில்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். எங்கள் படலையடியில் நின்றால் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் அந்தச் செடி. நாளைக்கு அதில் ஏழெட்டு வெள்ளைப் பூ விரியும், எண்ணிப் பார்த்துவிட்டேன். இடது கைக்குப் படலைக் கொளுக்கி. அதைக் கழற்றினால் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் கிருசாந்தி அக்கா வீட்டு வேலி. அந்த வேலி நிறைய நந்தியாவட்டை. எவ்வளவும் பிடுங்கலாம், கேட்கத் தேவையில்லை. இரண்டு பொட்டலத்துக்கும் காணும்.

(அ), (ஆ), (இ) மூன்றையும் அடித்துவிட்டேன். முதல் பகுதியின் கடைசி வரியையும் அடித்துவிட்டேன். மிச்சம் ஒரு வாக்கியம்தான். அதை என்னால் எழுதி முடிக்க முடியாது, நாளைக்குச் செய்துதான் முடிக்க வேண்டும். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியை ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு முடியுங்கள். உங்கள் உடம்பையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கு அவள் எழும்பி, தோய்ந்து, ஈரத் தலையோடு பூத்தட்டை எடுத்துக்கொண்டு, விறாந்தையில் படுத்திருந்த தம்பி கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிறான் என்று தெரிந்தும் சத்தம் போடாமல் அவனைக் கடந்து, படலைவரை நடந்து, கையை நீட்டி